நாலரை நிமிஷக் கச்சேரி... வாசித்தது யார்?

1952-ம் வருஷம், ஆகஸ்ட் 29-ம் தேதி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்கிற சின்ன ஊர். காட்டை ஒட்டி, மரத்தாலேயே கட்டிய 'மேவரிக்' என்ற கச்சேரி ஹால். அதன் பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்தே இருக்கும். புதுமாதிரி இசை கேட்க வேண்டும் என்று ரசிகர்கள் ஆசை ஆசையாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

டேவிட் ட்யூடர் என்ற இளம் பியானோ கலைஞர் மேடைக்கு வருகிறார். பியானோ முன்னால் உட்காருகிறார். இசைக் குறிப்புத் தாள்கள் எதிரே இருக்கின்றன. வாசிக்கப் போகிறார் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, அவரோ கட்டைகளின் மேல் இருக்கும் மூடியைச் சாத்துகிறார். அவ்வளவுதான்! ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். அரை நிமிஷம் போனதும் மூடியைத் திறக்கிறார். முதல் பகுதி முடிந்ததாம்! மறுபடி சாத்துகிறார். இரண்டாம் பகுதி. இது கொஞ்சம் நீளம். இரண்டு நிமிஷத்துக்கும் மேலே. திறக்கிறார். மறுபடி சாத்துகிறார். மூன்றாம் பகுதி. நடுநடுவே தாளை வேறு புரட்டுகிறார்! மொத்தம் 4 நிமிஷம் 33 விநாடி. ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை.

"என்ன சார் இது, கூத்தா இருக்கே! வாசிக்காம உட்கார்றதுக்கு ஒரு வித்வான், அதைக் கேட்கறதுக்கு ஒரு கூட்டமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேயும் அதே கதைதான். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் எழுந்து வெளியே நடந்தார்கள். கச்சேரி முடிந்து நடந்த கலந்துரையாடலில், 'இந்த ஆட்களை ஊரை விட்டே துரத்துவோம்' என்று ஒருவர் கொதித்தாராம்.

இந்த உருப்படியை எழுதியவர் ஜான் கேஜ். அதற்குப் பெயரே '4 நிமிடம் 33 விநாடி'தான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அன்றைக்கு அங்கே மௌனம் என்று எதுவுமே இல்லை. கேட்கத் தெரியாததால் கோட்டை விட்டுவிட்டார்கள் என்றார். முதல் பகுதியில் வெளியே காற்று மரங்களை அசைத்த சத்தம். இரண்டாம் பகுதியில் கூரை மேல் மழைத்துளி விழுந்த சத்தம். மூன்றாம் பகுதியில், ஜனங்களே முணுமுணுத்தும் எழுந்து நடந்தும் போட்ட சத்தம்!

ஆக, வாசித்தது யார்? காற்று, மழை, ரசிகர்கள். வித்வான் செய்தது ஒன்றே ஒன்று. தான் சத்தம் போடாமல் இருந்து, மற்ற சத்தங்களுக்கு இடம் விட்டார்.

'ஆரோக்கியப் பத்திரிகையில் இந்தக் கச்சேரி விமர்சனம் எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காது, ரத்தக் கொதிப்பு, மனசு, குடும்பம் என்று நம் சங்கதிகள் நாலும் இந்த நாலரை நிமிஷத்துக்குள் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் சேர்ந்து தினம் ஒருமுறை இந்த 'உருப்படி'யை வாசித்தால் நல்லது என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

அகமதாபாத்திலிருந்து போன விதை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடலாம். ஜான் கேஜ் விளம்பரப் பித்தர் இல்லை. 1912-ல் லாஸ் ஏஞ்சலீஸில் பிறந்து, 1992-ல் நியூயார்க்கில் காலமானவர். பியானோ கம்பிகளுக்கு நடுவே திருகாணி, ரப்பர் துண்டு என்று செருகி, அந்த ஒரே வாத்தியத்தை ஒரு தாளவாத்தியக் கோஷ்டி போலப் பேசவைத்த மனிதர். சத்தங்களோடு இவ்வளவு விளையாடியவருக்கு மௌனத்தின் மேல் ஏன் கண் போனது?

ஒரு விதை நம் நாட்டிலிருந்தே போயிருக்கிறது. 1946-ல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் என்ற இளம்பெண் நியூயார்க் போனார். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரி. மேற்கத்திய இசை நம் நாட்டு இசையைக் கெடுத்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. எதிரியைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி? எனவே மேற்கத்திய இசையைக் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டார். கேஜ் அவருக்கு மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேஜுக்கு இந்திய இசையும் தத்துவமும் சொல்லிக் கொடுத்தார். பணம் காசு கிடையாது, பண்டமாற்று!

ஒருநாள் கேஜ் கேட்டாராம்: "இசை எதற்காக என்று உன் குரு சொல்லியிருக்கிறார்?" மனதை அடக்கி அமைதிப்படுத்தி, தெய்வ அருள் இறங்குவதற்குத் தோதாக ஆக்குவதுதான் இசையின் வேலை என்பது பதில். கேஜுக்கு இது தூக்கிவாரிப் போட்டது. அதுவரை இசை என்றால் மனசில் உள்ளதை மற்றவருக்குச் சொல்வது என்றே அவருக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். 'பேசுவதற்காக இல்லை, அடங்குவதற்காக' என்று ஒருத்தர் சொன்னதும், அந்த வார்த்தையைக் கடைசிவரை விடவில்லை மனிதர். திரும்பத் திரும்ப அதை எழுதினார், மேடைகளில் சொன்னார். ராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேசப் புத்தகத்தையும் கீதா அவருக்குக் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது விதை, எரிச்சலில் முளைத்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 'ம்யூஸாக்' என்று ஒரு கம்பெனி. ஆபீஸ், ஃபாக்டரி, ஹோட்டல் என்று எல்லா இடத்துக்கும் கம்பி வழியாகப் பதிவு செய்த இசையைக் குழாய்த் தண்ணீர் மாதிரி அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் கேட்கவும் மாட்டார்கள், யாராலும் தப்பிக்கவும் முடியாது! 1948-ல் வாஸர் கல்லூரியில் பேசும்போது கேஜ் ஒரு யோசனை சொன்னார்: நாலரை நிமிஷம் போல முழு மௌனத்தை ஓர் உருப்படியாக எழுதி, அந்த ம்யூஸாக் கம்பெனிக்கே விற்க வேண்டும் என்று! அந்தக் கம்பெனிப் பாட்டுகளின் வழக்கமான நீளம் அது.

அந்த ஆண்டில் அது கேலி போலத்தான் இருந்திருக்கும். இன்று யோசித்துப் பாருங்கள். துணிக்கடை, லிஃப்ட், பஸ், போனில் 'காத்திருங்கள்' என்று சொல்லும் இடம்... எங்கே மௌனம் விற்கிறது? விற்றால் வாங்க ஆள் இருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சத்தமே இல்லாத அறையில் கேட்ட சத்தம்

மூன்றாவது விதைதான் நமக்கு முக்கியம். ஏனென்றால் அது முழுக்க முழுக்கக் காது சம்பந்தப்பட்டது.

1951-ல் கேஜ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விசேஷ அறைக்குள் போனார். எதிரொலியே இல்லாத அறை. வெளிச் சத்தம் நுழையாது. உள்ளே எழும் சத்தத்தைச் சுவர்கள் விழுங்கிவிடும். உள்ளே போனவருக்கு இரண்டு சத்தங்கள் கேட்டன. ஒன்று கீச்சென்று, இன்னொன்று கனமாக. வெளியே வந்து அங்கிருந்த இன்ஜினீயரிடம், "உங்க ரூம்ல ஏதோ கோளாறு" என்கிற தோரணையில் சொல்லியிருக்கிறார். "கீச்சுச் சத்தம் உங்கள் நரம்பு மண்டலம் வேலை செய்வது, கனத்த சத்தம் உங்கள் ரத்தம் ஓடுவது" என்று பதில் வந்ததாம். 'நான் சாகிறவரை சத்தம் இருக்கும். செத்த பிறகும் இருக்கும். ஆகவே இசையின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்' என்று கேஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷமே உட்ஸ்டாக் கச்சேரி!

அந்த இன்ஜினீயரின் விளக்கத்தில் பாதிதான் சரி. ரத்த ஓட்டத்தின் சத்தம் கேட்கலாம், வாஸ்தவம். காதுக்கு மிக அருகிலேயே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஆனால் நரம்பு மண்டலம் வேலை செய்வது சத்தமாக வெளியே கேட்காது. அப்படியானால் அந்தக் கீச்சுச் சத்தம்?

இதற்கான துப்பு 1953-ல், கேஜின் கச்சேரிக்கு அடுத்த வருஷமே கிடைத்தது. ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, 'என்ன கேட்கிறது?' என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கிறது! ரீங்காரம், இரைச்சல், விசில் என்று ஆளுக்கு ஒரு தினுசு. வெளிச் சத்தம் அடியோடு நின்றுபோனால், காதும் மூளையும் சேர்ந்து ஒரு மெல்லிய ரீங்காரத்தை உண்டாக்குவது சகஜம்.

இதைவிட ஆச்சரியம் 1978-ல் வந்தது. லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி, காது சத்தத்தை வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, தானும் சன்னமாகச் சத்தத்தை வெளியே அனுப்புகிறது என்று கண்டுபிடித்தார். உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். அவற்றில் ஒரு வகை, சத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பதற்காகத் தாமே துடிக்கின்றன. அந்தத் துடிப்பின் மிச்சம்தான் காது வழியாக வெளியே வரும் அந்த மெல்லிய ஒலி.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. பாப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போதே, காதில் ஒரு சின்ன முனையை வைத்து, 'டிக் டிக்' என்று ஒலி கொடுப்பார்கள். காது பதில் சத்தம் கொடுத்தால், அந்தச் செல்கள் நலம். பதில் வரவில்லையென்றால், உடனே பயப்பட வேண்டாம்; அடுத்த கட்டப் பரிசோதனை செய்வார்கள். இதற்கு அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நாம் அமைதியாக இருந்தால்தானே குழந்தையின் காது பேசுவது கேட்கும்?

எனவே, நடுராத்திரியில் எல்லாம் அடங்கிய பிறகு காதில் லேசாக 'ங்ங்...' என்று கேட்டால், அதை மட்டும் வைத்து 'ஐயோ, எனக்கு ஏதோ வியாதி' என்று அலறிவிட வேண்டாம். ஆனால் ஒரு காதில் மட்டும் விடாமல் கேட்டால், நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தால், தலைசுற்றலோ காது மந்தமோ கூடவே இருந்தால், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். கெட்டுப்போன மயிரிழைச் செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

பி.பி. பார்க்கும் முன் ஒரு சின்னக் கச்சேரி

'சரி, சும்மா இருந்தால் உடம்புக்கு நிஜமாகவே ஏதாவது நடக்குமா?' நடக்கும் என்று காட்டுகிற ஒரு சுவாரஸ்யமான ஆய்வு உண்டு. இத்தாலியில், பாவியா பல்கலைக்கழகத்தின் லூசியானோ பெர்னார்டி தன் குழுவோடு செய்தது. 2006-ல் வெளிவந்தது.

12 சங்கீதக்காரர்கள், சங்கீதம் கற்காத 12 பேர். ஆறு தினுசு இசையைப் போட்டுக் காட்டினார்கள். அதில் நம் இந்திய ராகமும் ஒன்று. வேகமான இசை கேட்டால் மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் ஏறியது. மெதுவான இசைக்கு அவ்வளவு இல்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இசைக்கு நடுவே இரண்டு நிமிஷம் வெறும் இடைவெளி விட்டிருந்தார்கள். அந்த மௌனத்தில்தான் நாடியும் அழுத்தமும் நன்றாக இறங்கின. ஆரம்பத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிடவும் கீழே!

இதைக் கேட்டதும், 'மௌனமே மாமருந்து, மாத்திரையைத் தூக்கிப் போடு' என்று கிளம்பிவிடாதீர்கள். ஆய்வில் இருந்தவர்கள் 24 பேர்தான். பார்த்தது சில நிமிஷ மாற்றத்தை மட்டுமே. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மாத்திரையைத் தொடரவே வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. சத்தத்துக்கு நடுவே வருகிற மௌனத்தை உடம்பு கவனிக்கிறது. அதை ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்கிறது.

மருத்துவமும் இதை ஒப்புக்கொண்டு, விதியாகவே எழுதிவைத்திருக்கிறது. பி.பி. பார்ப்பதற்கு முன்னால் 5 நிமிஷம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பார்க்கும்போது பேசக் கூடாது. பேசினால் அளவு 10 புள்ளி அல்லது அதற்கு மேலும்கூட ஏறிக் காட்டலாம். நாம் என்ன செய்கிறோம்? மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பட்டையைக் கட்டும்போதே, "டாக்டர், போன வாரம் என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்துவிடுகிறோம்! இப்படி ஏறின கணக்கை வைத்து மாத்திரையின் அளவு கூடிப்போனால் யார் பொறுப்பு?

5 நிமிஷம் என்பது எவ்வளவு? கேஜின் உருப்படியைவிட 27 விநாடிதான் அதிகம். வீட்டில் பி.பி. மெஷின் வைத்திருப்பவர்கள் தினமும் இந்தக் கச்சேரியை நடத்திவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும் என்று சட்டமே போடலாம்!

மௌனத்தைவிட ஷாக் தேவலையா?

"அதெல்லாம் சரிங்க, எங்களால சும்மா உட்கார முடியலையே!" என்பீர்கள். உங்களால் மட்டும் இல்லை. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைக் கேளுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமோதி வில்சன் குழு, ஆட்களை ஓர் அறையில் தனியாக 15 நிமிஷம் உட்காரவைத்தது. புத்தகம் இல்லை, போன் இல்லை, யோசனை மட்டும்தான். பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் லேசாக மின்சார ஷாக் அடிக்கும். 'இந்த ஷாக் வேண்டாம், தவிர்க்கக் காசுகூடக் கொடுப்பேன்' என்று முன்பே சொன்னவர்கள்தான் இவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்!

வீட்டில் யாரும் பார்க்காவிட்டாலும் டி.வி. ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டு நிமிஷத்துக்குள் கை ஏன் செல்போனைத் தேடுகிறது என்பதற்கு இதுவே பதில்.

ஆனால் வில்சனின் அறைக்கும் கேஜின் கச்சேரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களுக்கு யோசனையைத் தவிர வேலை இல்லை. அது போகாத இடத்துக்கெல்லாம் போகும். கேஜின் ரசிகருக்கு ஒரு வேலை இருக்கிறது. கேட்பது! சும்மா இருப்பது கஷ்டம். சும்மா இருந்து கேட்பது அத்தனை கஷ்டம் இல்லை.

இன்னொன்று, அந்த மௌனத்துக்கு வேலி இருக்கிறது. மூடியைச் சாத்தினால் ஆரம்பம், திறந்தால் முடிவு, மொத்தம் இவ்வளவு விநாடி. எப்போது முடியும் என்று தெரிந்த மௌனத்தில் பயம் இல்லை. இதனால்தான் இதை நான் சங்கீதம் என்றே ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் எந்தக் காட்சியையும் வரைவதில்லை. ஆனால் சுவரில் நாலு பக்கமும் சட்டம் வைத்து, 'இங்கே பார்' என்கிறது. அதுபோல கேஜ், காலத்தில் ஒரு சட்டம் வைத்து, 'இங்கே கேள்' என்றார்.

2004 ஜனவரியில் லண்டன் பார்பிகன் அரங்கில் பி.பி.சி. சிம்பனி ஆர்கெஸ்ட்ரா இதை வாசித்தது. ஆர்கெஸ்ட்ரா முழுக்க வாத்தியத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்க, கண்டக்டர் லாரன்ஸ் ஃபாஸ்டர் முதல் பகுதி முடிந்ததும் களைத்துப்போனவர் போலக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரே சிரிப்பு! அதுவரை அடக்கிவைத்திருந்த இருமல்கள் பகுதிகளுக்கு நடுவே வெடித்தன. ரேடியோவிலும் ஒலிபரப்பானது. அங்கே ஒரு சிக்கல்: ஒலிபரப்பில் சத்தம் நின்றுபோனால், 'ஏதோ பழுது' என்று தானாகவே வேறு நிகழ்ச்சியைப் போட்டுவிடும் ஏற்பாடு இருந்தது. அதை முன்கூட்டியே அணைத்துவைக்க வேண்டியிருந்தது!

நம் வீட்டுக்குள்ளும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதே! பேச்சு நின்றால் உடனே ரிமோட்டைத் தேடுகிறோம். அந்தத் தானியங்கியைத்தான் கொஞ்ச நேரம் அணைத்துவைக்கச் சொல்கிறேன்.

எல்லா மௌனமும் ஒன்றல்ல

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'மௌனம் நல்லது' என்று நான் எழுதியதைக் கத்தரித்துவைத்துக்கொண்டு, மனைவி பேசினால் 'உஷ்' என்றும், குழந்தை கேள்வி கேட்டால் 'வாயை மூடு' என்றும் யாரும் சொல்லக் கூடாது. கோபத்தில் வாரக்கணக்கில் பேசாமல் இருப்பதும் மௌனம்தான். ஆனால் அது சாத்திய மூடி; எப்போது திறக்கும் என்று எதிராளிக்குத் தெரியாது. அந்த மௌனம் மனசை அரிக்கும்.

கேஜின் மௌனத்தில் யாரும் யாருடைய வாயையும் மூடவில்லை. மூடினது தன் பியானோவை. வீட்டில் அதிகாரம் உள்ளவர் யாரோ, அதிகம் சத்தம் போடுபவர் யாரோ, அவர் முதலில் தன் மூடியைச் சாத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் சத்தம் கேட்கும்.

வீட்டுக் கச்சேரி: எப்படிச் செய்வது?

அச்சான இசைக் குறிப்பில் கேஜ் தாராளம் காட்டியிருக்கிறார். 'டாசெட்' என்ற ஒரே சொல், மூன்று பகுதிக்கும் மூன்று முறை. ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வாத்தியம் பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் எழுதும் சொல் அது. எந்த வாத்தியமும் வாசிக்கலாம், எத்தனை பேரும் வாசிக்கலாம், எவ்வளவு நேரமும் வாசிக்கலாம் என்கிறது குறிப்பு. ஆகவே நம் வீட்டுக் கூடத்திலும் தாராளமாக அரங்கேற்றலாம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.யை அணையுங்கள். போன்களை அடுத்த அறையில் வையுங்கள். ஒரு கடிகாரம் போதும். ஒருவர் 'ஆரம்பம்' என்று சொல்லட்டும். கண்ணை மூடுவதும் மூடாததும் அவரவர் இஷ்டம். ஜபம் வேண்டாம், மூச்சை எண்ண வேண்டாம். காதில் விழுவதைக் கேளுங்கள், போதும். சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அதுவும் கச்சேரியில் சேர்த்தி!

முடிந்ததும்தான் முக்கியமான கட்டம். ஒவ்வொருவரும் என்னென்ன கேட்டார்கள் என்று சொல்லட்டும். ஃப்ரிட்ஜின் உறுமல், ஃபேனின் 'கிரீச்', தெருக்கோடியில் ஒரு பைக், பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது... இருந்தாற்போலிருந்து ஒரு விஷயம் வெளியே வரலாம். எல்லோருக்கும் கேட்ட கடிகாரத்தின் 'டிக் டிக்' தாத்தாவுக்குக் கேட்டிருக்காது!

வயசாகும்போது காது மந்தம் சாதாரணமாகக் கீச்சுச் சத்தங்களில்தான் ஆரம்பிக்கும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் நழுவும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. டி.வி. சத்தத்துக்கு நடுவே, 'தாத்தா காதுல வாங்கறதே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும், ஞாபக மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் நாம் சரிசெய்யக்கூடிய காரணங்களின் பட்டியலில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது. எனவே 'கேட்கலை' என்று வருகிற பதிலைக் கேலி செய்யாமல், காது கேட்கும் திறனுக்கான 'ஆடியோகிராம்' எடுக்க அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டுக் கச்சேரி பரிசோதனைக்கு மாற்று அல்ல. 'போய்ப் பார்த்துவிடலாம்' என்கிற ஒரு தட்டல், அவ்வளவுதான்.

இது யாருக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதில் இரைச்சல் நோயாகவே இருப்பவர்களுக்கு முழு அமைதியில் அது பெரிதாகத் தெரியும். அவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்தோ, ஃபேன் ஓடும்போதோ உட்காரலாம். மனச் சோர்வில் இருப்பவர்கள், சமீபத்தில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் ஆகியோருக்கு மௌனம் பாரமாக இருக்கலாம். கட்டாயப்படுத்தாதீர்கள். பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலே போதும். அல்லது அன்றைக்குப் பேச்சே மருந்தாகட்டும்.

மற்றவர்களுக்கு என்ன தடை? செலவு இல்லை, பத்தியம் இல்லை, பக்க விளைவு இல்லை. நாலரை நிமிஷம்! ஒரு சீரியலின் விளம்பர இடைவேளை இதைவிட நீளம்.

உட்ஸ்டாக்கில் அன்று ஜனங்கள் கோபப்பட்டது வித்வான் வாசிக்கவில்லை என்று. நம் வீட்டிலும் கோபங்கள் பல, 'நான் சொல்றதை யாருமே கேட்கறதில்லை' என்பதில்தான் வந்து முடிகின்றன. பிள்ளை சொல்வதை அப்பா கேட்பதில்லை, மாமியார் சொல்வதை மருமகள் கேட்பதில்லை, மனைவி சொல்வதைக் கணவர் கேட்பதில்லை. கேட்பதும் ஒரு பயிற்சிதான். மழைச் சத்தத்தையே பொறுமையாகக் கேட்கத் தெரியாத காது, மனுஷர் மனசை எப்படிக் கேட்கும்?

இன்றைக்கு ராத்திரி ஒருமுறை செய்து பாருங்கள். முடிந்ததும், 'நீ என்ன கேட்டே?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கிறவரை, தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்!